1987 மாடல் டிரெய்லர், தரை அமுங்குது

ஒன்டாரியோவில் 22 அடி பழைய கேம்பர் டிரெய்லர் (வண்டியில் கட்டி இழுத்துட்டுப் போற சக்கர வீடு) வாங்கிட்டேன். இனி அதுலதான் குடித்தனம். கட்டில் மூலையில் கால் வச்சா தரை, டீயில் ஊறின ரஸ்க் மாதிரி அமுங்குது. மேலேயே புது வினைல் தரைவிரிப்பு ஒட்டிடலாமா?

பதில்: ஒட்டிடாதீங்க அண்ணா! நான் ஒட்டினேன், ஆறே மாசத்துல பூஞ்சை வாடை. தரையை ஊற வைக்கிற தண்ணி பெரும்பாலும் கூரை ஓரத்துலேருந்துதான் இறங்கும். ஓரப்பட்டையைக் கழட்டி, பழைய சிலிக்கானைச் சுரண்டிட்டு, பியூட்டைல் டேப் (தண்ணி புகாம அடைக்கிற ரப்பர் நாடா) வைங்க. தரை அப்புறம்.

பதில்: டயரையும் பாருங்க. டயர் பக்கவாட்டுல இருக்கிற டாட் (DOT) குறியீட்டில் கடைசி நாலு எண் 2314னா, 2014இன் 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் தேயலேன்னு ஏமாந்துடாதீங்க, வயசானாலே டயர் கெட்டுடும்.

கேட்டவர்: பட்டையைக் கழட்டினேன். ஸ்க்ரூ மொத்தமும் துரு, உள்சட்டம் விரல்லயே பிய்யுது. டயர் 2011ஆம். வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லலை.