பீகாரில் காலா அசாருக்கு ஆண்டிமனி மருந்து பலிக்காமல் போனது ஏன்?

கேள்வி – நுண்ணுயிரியல் முதுகலை மாணவி

வணக்கம். ஒட்டுண்ணிகளின் மருந்து எதிர்ப்பைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்று எழுதிவருகிறேன். லீஷ்மேனியா டோனோவனி என்ற ஒட்டுண்ணி உண்டாக்கும், நீண்ட காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் தரும் காலா அசார் நோய்க்கு 1920களில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமைனைக் கொண்டுவந்த காலம் முதல் ஆண்டிமனி என்ற தனிமத்தின் சேர்மங்களே முதன்மை மருந்தாக இருந்துள்ளன. ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சோடியம் ஸ்டிபோகுளுகோனேட் என்ற ஆண்டிமனி ஊசி மருந்தை ஒரே அளவில் 30 நாள் கொடுத்தபோது, வடக்கு பீகார் நோயாளிகளில் 35 விழுக்காட்டினரும் உத்தரப் பிரதேச நோயாளிகளில் 86 விழுக்காட்டினரும் குணமடைந்ததாகப் படித்தேன். அடுத்தடுத்த மாநிலங்கள், ஒரே ஒட்டுண்ணி, ஒரே மருந்து என்றிருக்க, இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது? மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதுமான விளக்கமாக எனக்குப் படவில்லை.

பதில் 1 – பொது மருத்துவர், ஓய்வு

அந்த ஒரு வரி பொய்யில்லை. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த ஊசி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆண்டிமனி உண்டு. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், 40 கிலோ எடையுள்ள கூலித் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மில்லி, அதாவது இடுப்புத் தசையில் இரண்டு பக்கமும் பிரித்துப் போட வேண்டிய அளவு. முப்பது நாளுக்கு 240 மில்லி, 30 மில்லி புட்டியாக வாங்கினால் எட்டுப் புட்டிகள். இரண்டாவது வாரத்திலேயே காய்ச்சல் தணிந்து, பசி எடுத்து, விலாவுக்குக் கீழே தொங்கிய மண்ணீரலும் சுருங்கத் தொடங்கிவிட்டால், கடன் வாங்கி ஐந்தாவது புட்டியை வாங்க எந்தக் குடும்பம் முன்வரும்?

நோயாளியை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. சிறுநீரகத்துக்குக் கேடு வரும் என்று அஞ்சிக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டியவர்களும், ஒரு நாள் அளவை இரண்டாகப் பிரித்தவர்களும், நடுவே சில நாள் ஓய்வு கொடுத்தவர்களும் பட்டம் பெற்ற மருத்துவர்களிடையிலேயே இருந்தார்கள். 1994இல் வெளியான பீகார் ஆய்வு ஒன்றில், பரிந்துரைக்கப்பட்ட முறைப்படி மருந்து பெற்றவர்கள் ஏறத்தாழ கால்பங்கினர்தாம். அரசு வழிகாட்டுதலும் பல ஆண்டுகளாக, தோல்வி கூடக் கூட மருந்தளவையும் நாட்களையும் ஏற்றிக்கொண்டே வந்தது. அரைகுறை அளவில் தப்பிப் பிழைத்த ஒட்டுண்ணிகளுக்கு இது படிப்படியான பயிற்சியாகவே அமைந்துவிட்டது என்பது என் கருத்து.

பதில் 2 – ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்

மருத்துவர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அரைகுறைச் சிகிச்சை உலகெங்கும் நடக்கிறது. அது பீகாரில் மட்டும் இவ்வளவு விலை கேட்டதற்குத் தொற்றுச் சங்கிலியே காரணம். மத்தியதரைக் கடல் நாடுகளில் இந்நோய் நாய்களிடமிருந்து மணல் ஈ வழியாக மனிதருக்கு வருகிறது. மனிதரிடம் எதிர்ப்புத் திறன் பெற்ற ஒட்டுண்ணி பெரும்பாலும் அந்த மனிதரோடு முடிந்துபோகும். கங்கைச் சமவெளியில் அப்படியல்ல. இங்கே ஒட்டுண்ணிக்கு அறியப்பட்ட இருப்பிடம் மனிதரே. மருந்தால் வடிகட்டப்பட்ட ஒட்டுண்ணியை, மாட்டுத் தொழுவத்தின் ஈர மண்சுவரில் பகலைக் கழிக்கும் ஃப்ளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற மணல் ஈ அடுத்த மனிதருக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இனி மூலக்கூறு அளவில். ஊசி மருந்தில் இருக்கும் ஐந்திணைதிறன் ஆண்டிமனி (ஐந்து பிணைப்புகள் கொண்ட வடிவம்) உடலில் மூவிணைதிறன் வடிவத்துக்கு மாறினால்தான் ஒட்டுண்ணியைக் கொல்கிறது. அந்த மூவிணைதிறன் வடிவம் அக்வாகிளிசரோபோரின் 1 என்ற புரத வாயில் வழியாக உள்ளே நுழைகிறது. இந்தியாவிலும் நேபாளத்திலும் எடுத்த 204 ஒட்டுண்ணி மாதிரிகளின் முழு மரபணுத்தொகுப்பையும் படித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்ப்புத் திறன் மிகுந்த ஒரு கிளையில் இந்த வாயிலுக்கான மரபணுவில் இரண்டு காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) கூடுதலாகச் செருகப்பட்டு, வாயிலே செயலிழந்திருப்பது தெரியவந்தது. தவிர, தயோல்கள் என்ற கந்தகச் சேர்மங்களோடு பிணைந்த உலோகத்தை ஒதுக்கிவைக்கும் புரதத்தின் மரபணு இப்பகுதி ஒட்டுண்ணிகள் பலவற்றில் பல படிகளாகப் பெருகியிருக்கிறது.

அந்தப் பெருக்கம் எதனால் என்பதில்தான் ஆர்சனிக் கருதுகோள் வருகிறது. 1970களுக்குப் பிறகு பீகாரில் பெருகிய ஆழ்துளைக் குழாய்க் கிணறுகளின் நீரில் பல இடங்களில் ஆர்சனிக் உண்டு. தனிம அட்டவணையில் அது ஆண்டிமனியின் அதே தொகுதியைச் சேர்ந்தது. ஆர்சனிக் கலந்த நீரைக் குடித்த எலிகளில் ஒட்டுண்ணியை ஒன்றிலிருந்து மற்றொன்றாகச் செலுத்தி வந்தபோது, ஆண்டிமனியைத் தொடாமலே அது ஆண்டிமனிக்கு எதிர்ப்புப் பெற்றதை டண்டீ பல்கலைக்கழகக் குழு 2013இல் காட்டியது. எனினும் பீகார் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, ஆர்சனிக்குக்கும் சிகிச்சைத் தோல்விக்கும் தெளிவான தொடர்பை நிறுவவில்லை. ஆகவே கட்டுரையில் இதை முதன்மைக் காரணமாக எழுதாதீர்கள். நான் இதைத் துணைக் காரணியாகவே கருதுகிறேன்.

(ஒரு செய்தி: இந்த ஒட்டுண்ணியின் பெயரில் உள்ள டோனோவன், 1903இல் அதை அடையாளம் கண்டது நம் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான்.)

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் 2002இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற, காலா அசாருக்கு வாய்வழி கொடுக்கும் மில்டெஃபோசின் மருந்துக்கும் இதே கதிதானா? பத்தே ஆண்டில் நோய் திரும்புவது கூடியதாகவும், நேபாளத்தில் ஓராண்டுக்குள் ஐந்தில் ஒருவருக்குத் திரும்பியதாகவும் படித்தேன். இதை எதிர்ப்பு என்று எழுதலாமா?

பதில் 3 – ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்

எழுத வேண்டாம். நோய் திரும்புவது வேறு, எதிர்ப்பு வேறு. நோய் திரும்பியவர்களிடமிருந்து எடுத்த ஒட்டுண்ணிகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, மருந்துக்குக் கட்டுப்படும் தன்மையில், குணமானவர்களின் ஒட்டுண்ணிகளிலிருந்து அவை பெரிதாக வேறுபடவில்லை. சிறுவர்களுக்கு, எடைக்கேற்ற அளவு கொடுத்தும், இரத்தத்தில் போதிய மருந்து சேராததும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. ஆனாலும் ஆபத்து மெய்யானது. இம்மருந்தின் அரை ஆயுட்காலம், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ ஒரு வாரம். 28 நாள் சிகிச்சை முடிந்த பிறகும் வாரக்கணக்கில் குறைந்த செறிவில் உடலில் தங்கும். இதை உள்ளே கொண்டுசெல்லும் கடத்திப் புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் நேர்ந்தாலே எதிர்ப்பு வந்துவிடும் என்பது ஆய்வகத்தில் உறுதியானது.

பதில் 4 – பொது மருத்துவர், ஓய்வு

ஒன்றைச் சேர்க்கிறேன். இப்போது இந்தியாவில் முதல் தேர்வு, கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே தடவை சிரைவழி செலுத்தும் லிப்போசோம் ஆம்ஃபோடெரிசின் பி (நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த மருந்து). மருத்துவமனையிலேயே முழு அளவும் ஏறிவிடுவதால் பாதியில் நிறுத்தும் வாய்ப்பே இல்லை. எனக்குள்ள கவலை வேறு: குணமானவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துத் தோலில் வெளிர் புள்ளிகளும் முடிச்சுகளும் தோன்றும். காய்ச்சலோ வலியோ இராது. அதனால் மருத்துவரிடம் வரமாட்டார்கள், மணல் ஈக்கு மட்டும் ஒட்டுண்ணியை வழங்கிக்கொண்டிருப்பார்கள். வந்தாலும் பரிந்துரை 12 வாரம் மில்டெஃபோசின் மாத்திரை. அழகுக் குறை என்று நினைக்கும் ஒன்றுக்கு, வயிற்றைக் குமட்டும் மாத்திரையை மூன்று மாதம் யார் ஒழுங்காக விழுங்குவார்கள்? கட்டுரையில் இந்தத் தோல் நோயாளிகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்குங்கள்.