எஸ்14 சில்வியாவுக்கு விலை குறைந்த முன்பக்க இன்டர்கூலர்: எதை நம்பலாம், எதை மாற்ற வேண்டும்?

ஆறாம்கியர்:

வணக்கம். என்னிடம் எஸ்ஆர்20டிஇடி எஞ்சின் கொண்ட நிசான் சில்வியா எஸ்14 இருக்கிறது. டர்போ, இன்ஜெக்டர், எஞ்சின் கணினி மூன்றும் தொழிற்சாலையில் வந்தவையே. எக்ஸாஸ்ட், காற்று வடிகட்டி இரண்டை மட்டும் மாற்றியிருக்கிறேன். சுமார் 0.5 பாராக இருந்த பூஸ்டை (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை) ஒரு கன்ட்ரோலர் வைத்து 0.8 பாருக்கு உயர்த்திய பிறகு, முதல் இரண்டு மூன்று முறை முழு ஆக்ஸிலரேட்டரில் வண்டி நன்றாக இழுக்கிறது. அதற்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் அதே கியரில் இழுவை தளர்வது தெளிவாகத் தெரிகிறது. த்ராட்டில் பாடிக்கு முந்தைய குழாயில் ஒரு வெப்ப சென்சார் பொருத்திப் பார்த்தேன். வெளிக்காற்று 30 டிகிரியாக இருந்த நாளில், தொடர் ஓட்டத்தின் முடிவில் அது 75 டிகிரி காட்டியது. பம்பரின் மூலையில், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும், டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் சிறிய இன்டர்கூலர் 0.5 பாருக்கு அளவாகச் செய்யப்பட்டது என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது தயாரிப்பாளர் பெயரே இல்லாத ஒரு முன்பக்க இன்டர்கூலர் தொகுப்பு கையில் இருக்கிறது, இன்னும் பொருத்தவில்லை. கோர் (காற்று குளிரும் நடுப்பகுதி) 600 × 300 × 76 மில்லிமீட்டர், 63 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய்கள், அவற்றை இணைக்கும் சிலிகான் கப்ளர்கள், கிளாம்ப்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. பெயர்பெற்ற தொகுப்பின் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுத்தேன் என்பதே என்னை உறுத்துகிறது. இந்தக் கோர் உண்மையில் வேலை செய்யுமா, ரேடியேட்டருக்கு முன்னால் இத்தனை பெரிய தடுப்பு வந்தால் எஞ்சின் சூடாகுமா, பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தை வெட்டச் சொல்லும் அதன் குறிப்புத் தாளைப் பின்பற்றலாமா என்பவையே என் கேள்விகள்.

திருப்புளி:

முதலில் உங்கள் அளவீட்டைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம், ஏனென்றால் இந்த மாற்றம் எவ்வளவு தரும் என்பது அதில்தான் இருக்கிறது. 0.8 பார் பூஸ்ட் என்றால் டர்போ காற்றை ஏறத்தாழ 1.8 மடங்கு அழுத்துகிறது. கம்ப்ரஸர் 70 சதவீதத் திறனோடு இயங்குவதாகக் கொண்டால், 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று சுமார் 109 டிகிரியில் வெளியே வரும். அந்த 79 டிகிரி உயர்வில் உங்கள் பழைய இன்டர்கூலர் 34 டிகிரியைத்தான் திரும்ப எடுத்திருக்கிறது; அதாவது அதன் திறன் 43 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. சுமாரான முன்பக்கக் கோர்கூட நல்ல காற்றோட்டம் கிடைத்தால் 70 சதவீதத்தைத் தொடும் என்பதால், அதே நிலையில் 54 டிகிரியை எதிர்பார்க்கலாம். காற்றின் அடர்த்தியில் இது 6 சதவீத அளவு கூடுதலே. ஆகவே பொருத்திய மறுநாள் வேறு வண்டியை ஓட்டுவது போல இருக்கும் என்று நினைக்காதீர்கள். உண்மையான ஆதாயம், நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) தொடங்கும் எல்லை விலகிப் போவதும், பத்தாவது முறையும் முதல் முறை போலவே வண்டி இழுப்பதும்தான்.

அடுத்து அழுத்த இழப்பு. விலை குறைந்த கோர்கள் ஏமாற்றுவது பெரும்பாலும் இங்கேதான். நுழைவாயில் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று போகும் ஒவ்வொரு அறைக்குள்ளும் மடிப்பு மடிப்பாகத் தகடுகள் தெரிய வேண்டும். அவை இல்லாமல் வெறும் துளையாக இருந்தால் காற்று தடையின்றிப் போகும், ஆனால் குளிராது. மாறாக, மலிவாகச் செய்த மடிப்புகள் நசுங்கி அடைத்துக்கொண்டிருந்தால் குளிரும், ஆனால் அழுத்தம் போய்விடும். பொருத்திய பின் கோருக்கு முன்னும் பின்னும் ஒரு கேஜ் வைத்து முழு பூஸ்டில் வித்தியாசம் பாருங்கள். 0.1 பாருக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம், 0.2 பாரைத் தாண்டினால் அந்தக் கோரைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

இதோடு சேர்த்து, பூஸ்ட் அளவைக் கட்டுப்படுத்தும் உங்கள் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் சிறு ஹோஸ் எங்கிருந்து அழுத்தம் எடுக்கிறது என்றும் கவனியுங்கள். டர்போவின் வெளியேறும் வாயிலிருந்து எடுத்தால், கோரில் இழக்கும் அழுத்தம் அப்படியே மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாயில்) குறைந்து தெரியும். மேனிஃபோல்டிலிருந்து எடுத்தால் கேஜில் 0.8 சரியாகவே நிற்கும். ஆனால் இழப்பை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழன்று, கூடுதலாகச் சூடாக்கிய காற்றை அனுப்பிக்கொண்டிருக்கும். கேஜ் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது.

கோரைப் பொருத்துமுன் கழுவுவதை யாரும் குறிப்புத் தாளில் எழுதுவதில்லை. வெல்டிங் மணிகளும் அலுமினியத் துருவலும் உள்ளே ஒட்டியிருக்கும், அவை பயணம் செய்யும் திசை உங்கள் சிலிண்டர்தான். கரைப்பான் ஊற்றி, வாய்களை அடைத்து, எல்லாப் பக்கமும் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியில் மினுமினுப்பே வராத நிலை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து, முழுவதும் உலர்ந்த பிறகே பொருத்துங்கள். நான் ஐந்து முறை கழுவினேன். நான்காம் முறையும் ஒரு கடுகளவு மணி வந்தது.

நட்டும்போல்ட்டும்:

திருப்புளி கோரைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் என் அனுபவத்தில் இப்படிப்பட்ட தொகுப்புகள் கோரில் தோற்பதைவிட இணைப்புகளில் தோற்பதே அதிகம். நானும் இப்படி ஒன்றை, பெட்டியில் வந்த கிளாம்ப்களோடு அப்படியே பொருத்தினேன். மூன்றாம் நாள், மூன்றாம் கியரில், த்ராட்டிலுக்குப் பக்கத்திலிருந்த கப்ளர் வெடிச் சத்தத்தோடு கழன்றுகொண்டது. கரும்புகை கக்கி எஞ்சின் நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்தாலும் சீராக ஓடவில்லை. காரணம், இந்த எஞ்சினில் காற்றளவு சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. அது அளந்த காற்றுக்கெல்லாம் கணினி பெட்ரோல் ஊற்றிவிடும். அந்தக் காற்று வழியில் வெளியேறிவிட்டது என்பது அதற்குத் தெரியாது. இதே காரணத்தால்தான், த்ராட்டில் மூடும்போது தேங்கும் காற்றைச் சத்தத்துக்காக வெளியே ஊதும் புளோ-ஆஃப் வால்வை இந்த வண்டியில் போட்டால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் கூடிவிடுகிறது. உங்கள் பழைய ரீசர்குலேஷன் வால்வை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வெளியேற்றத்தை டர்போவின் நுழைவுக் குழாயிலேயே கொடுங்கள்.

குழாய் முனைகளைக் கையால் தடவிப் பாருங்கள். கப்ளர் வழுக்காமல் இருக்க முனையைச் சுற்றி ஒரு மேடு இருக்க வேண்டும். மலிவுத் தொகுப்புகளில் முனை மொட்டையாக இருப்பது வழக்கம். மேடு உருட்டும் கருவி இல்லையென்றால், வெல்டரிடம் கொடுத்து முனையைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் சிறு வெல்டிங் புள்ளிகள் வைத்து, கப்ளரை அறுக்காதபடி அரம் போட்டு மழுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஹோஸுக்குப் போடும் சாதாரண ஸ்குரூ கிளிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, டி-போல்ட் கிளாம்ப்களை வாங்குங்கள். அவற்றையும் முழு பலத்தோடு இறுக்கினால் சிலிகான் அறுந்துவிடும். கப்ளரை மாட்டும்போது சோப்போ எண்ணெயோ தடவ வேண்டாம். தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்ப்ரேயை லேசாக அடித்து மாட்டினால், ஈரமாக இருக்கும்போது வழுக்கி உள்ளே போகும், உலர்ந்ததும் பிடித்துக்கொள்ளும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது பலரும் கடைப்பிடிக்கும் வழி.

இன்னொன்று: கோர் சட்டத்தில் நிற்கிறது, எஞ்சினோ தன் ரப்பர் மவுண்ட்களின் மேல் ஆடுகிறது. இரண்டு குழாய் முனைகளும் கப்ளருக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், எஞ்சின் ஆடும் ஒவ்வொரு முறையும் குழாய் குழாயைத் தள்ளும். முனைகளுக்கு இடையே 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, எஞ்சினுக்கு அருகிலுள்ள இணைப்பில் நடுவில் புடைப்பு கொண்ட கப்ளரைப் போடுங்கள். நீண்ட குழாய்களை ஒரு பிராக்கெட்டிலாவது தாங்கவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கசிவுச் சோதனை. டர்போவின் நுழைவாயில் ஒரு பி.வி.சி. மூடியை மாட்டி, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, நீங்கள் ஓட்டப்போகும் பூஸ்ட் அளவுக்கு மெதுவாகக் காற்றடியுங்கள். எஞ்சினின் பிரீதர் ஹோஸை அடைத்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வைத்தால் சீல்களில் அழுத்தம் ஏறாது. மூடிக்கு நேரே நிற்காதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தெளித்தால் குமிழி சொல்லிவிடும்.

மெல்லோட்டம்:

இருவரும் பொருத்துவதாகவே முடிவு செய்துவிட்டீர்கள். தொழிற்சாலை டர்போவில் 0.8 பாரோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவருக்கு, பழைய இடத்திலேயே உட்காரும் தடித்த பக்கவாட்டுக் கோர் போதாதா என்று ஒரு முறை யோசிக்கலாம். பம்பரைத் தொட வேண்டாம், ரேடியேட்டருக்கு முன்னால் எதுவும் வராது, குழாயும் நீளாது. நீண்ட குழாயால் டர்போ தாமதமாகும் என்ற பயத்தை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கூடுதலாக 2 மீட்டர் குழாய் என்றால் ஏறத்தாழ 6 லிட்டர் கொள்ளளவு, 3000 ஆர்.பி.எம்.மில் உங்கள் 2 லிட்டர் எஞ்சின் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 50 லிட்டர் குடிக்கிறது. அந்தக் குழாயை நிரப்ப ஆகும் நேரம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

முன்பக்கம்தான் என்றால் ரேடியேட்டரைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 76 மில்லிமீட்டர் தடித்த கோரைக் கடந்து வரும் காற்று வேகமும் குறைந்து, சூடும் ஏறி, ஏசி கண்டென்சரைத் தாண்டித்தான் ரேடியேட்டரை அடைகிறது. அதைவிடப் பெரிய தவறு, கோரைச் சுற்றி இடைவெளி விடுவது. காற்று எப்போதும் தடை குறைந்த வழியையே தேடும் என்பதால் பம்பர் வாயில் நுழைந்ததில் பெரும்பகுதி கோரின் மேலும் கீழும் நழுவிப் போய்விடும். மெல்லிய அலுமினியத் தகட்டாலும் வெப்பம் தாங்கும் ஃபோமாலும் பம்பர் வாயிலிருந்து கோர்வரையும், கோரிலிருந்து ரேடியேட்டர்வரையும் பக்கங்களை அடையுங்கள். மின்விசிறியின் கவசத்தை இடமில்லை என்று கழற்றி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது இல்லாவிட்டால் நெரிசலில் நிற்கும்போது நிச்சயம் சூடேறும்.

சட்டத்தை வெட்டாதீர்கள். மோதலின் அடியை முதலில் வாங்கி இரண்டு பக்கமும் பகிர்ந்தளிக்கும் உறுப்பு அது. பாதி அறுத்த சட்டம் எங்கே மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாகனச் சோதனையிலும் காப்பீட்டிலும் அது தனிச் சிக்கலாகும். ஹார்னை இடம் மாற்றுங்கள், கோரைச் சற்றுக் கீழே இறக்குங்கள், பம்பரின் பிளாஸ்டிக்கை வேண்டுமானால் வெட்டுங்கள். குழாய்க்காக உட்புறத் தகட்டில் துளை போட நேர்ந்தால், விளிம்பில் துருத் தடுப்பு வண்ணம் பூசி, ரப்பர் விளிம்பு ஒட்டிய பிறகே குழாயை நுழையுங்கள்.

திருப்புளி:

மெல்லோட்டம் சொன்ன பக்கவாட்டுக் கோர் நல்ல யோசனைதான், தொகுப்பு இன்னும் வாங்கப்படாமல் இருந்திருந்தால். ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த காற்று கிடைத்துவிட்டது என்று உடனே பூஸ்டைக் கூட்ட வேண்டாம். உங்கள் இன்ஜெக்டர்கள் நிமிடத்துக்கு 370 சி.சி. கொள்ளளவு கொண்டவை, காற்றளவு சென்சாருக்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. காற்று குளிர்ந்து அடர்த்தியானால் அதே 0.8 பாரிலேயே கூடுதல் காற்று போகும். ஆகவே வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரை வைத்துக் கலவையைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.

ஆறாம்கியர்:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கோருக்குள் தகடுகள் ஒழுங்காகவே இருந்தன. ஆறு முறை கழுவினேன். எட்டுக் குழாய் முனைகளில் மூன்று மொட்டையாக இருந்ததால் வெல்டிங் புள்ளிகள் வைக்கச் சொன்னேன். கப்ளர்களையும் கிளாம்ப்களையும் முழுவதும் மாற்றியதில் தொகுப்பின் விலையில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. அதையும் சேர்த்துத்தான் இதை மலிவு என்று சொல்ல வேண்டும். ஹார்ன்களை இடம் மாற்றி, கோரை 20 மில்லிமீட்டர் இறக்கியதும் சட்டத்தைத் தொடாமலே இடம் கிடைத்தது. வேகத்தடைகளில் மட்டும் முன்பைவிடக் கவனமாக ஏறுகிறேன்.

கசிவுச் சோதனையில் டர்போ பக்கத்து முதல் இணைப்பில் குமிழி வந்தது. கிளாம்ப் மேட்டின் மீதே உட்கார்ந்திருந்தது. அதை மேட்டுக்குப் பின்னால் நகர்த்தியதும் நின்றது. வெளியில் 31 டிகிரி இருந்த நாளில் அதே சாலையில் அதே தொடர் ஓட்டத்தின் முடிவில் 56 டிகிரி. கோருக்கு முன்னும் பின்னும் வித்தியாசம் 0.08 பார். முழு பூஸ்டில் கலவை முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது. ரேடியேட்டர் நீர் முதலில் முன்பைவிட 7 டிகிரி கூடுதலாகக் காட்டியது. கோரின் கீழ் விளிம்புக்கும் பம்பருக்கும் நடுவில் நான் அடைக்காமல் விட்ட இரண்டு விரற்கடை இடைவெளியைத் தகடு வைத்து மூடிய பிறகு அது 3 டிகிரியாக இறங்கியது.

நட்டும்போல்ட்டும்:

நல்ல எண்கள். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எல்லா கிளாம்ப்களையும் ஒருமுறை சோதியுங்கள். புதிய சிலிகான் சற்று அமுங்கித் தளர்ந்திருக்கும். அப்போதே, குழாய்கள் உட்புறத் தகட்டில் எங்காவது உரசிய தடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.