ஓவரால் போட்ட போதகர்

தம்பி: இந்த ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் நான்தான் பேச வேண்டும். போர்வீரராக இருந்து போதகரான ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். யாராவது ஒரு பெயர் கொடுங்கள்.

பெரியப்பா: ஹோசியா வில்லியம்ஸ். யோசிக்கவே வேண்டாம்.

தம்பி: கேள்விப்பட்டதே இல்லையே பெரியப்பா.

பெரியப்பா: கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கோடு நின்ற போதகர். 1926ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் கறுப்பின வீரர்கள் மட்டுமே இருந்த பிரிவில், அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டனின் கீழ் போரிட்டார். குண்டுச் சிதறல் பாய்ந்து ஐரோப்பாவிலேயே ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். போரில் காயம்பட்ட வீரர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கிடைத்தது.

பெரியப்பா: பட்டாளத்தில் சிதறல் காயம் பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாத் துண்டையும் எடுத்துவிட முடியாது. சிலது உள்ளேயே தங்கிவிடும், குளிர் வந்தால் வலிக்கும்.

அத்தை: அப்புறம் ஊருக்கு வந்து ஊழியத்தில் இறங்கினாரா அண்ணா?

பெரியப்பா: ஊர் வந்து சேரவே விடவில்லையே அம்மா. ஜார்ஜியாவில் அமெரிக்கஸ் என்று ஒரு ஊர். அங்கே பஸ் நிலையத்தில், வெள்ளையர்களுக்கு என்று ஒதுக்கிய குழாயில் தண்ணீர் குடித்தார். உடம்பில் ராணுவ உடுப்பு. அடித்துப் போட்டார்கள். செத்துவிட்டார் என்று நினைத்துக் கறுப்பர்களின் சவ வண்டியைக் கூப்பிட்டார்கள். போகும் வழியில் வண்டி ஓட்டியவர்தான் நாடி லேசாகத் துடிப்பதைக் கவனித்தார். மறுபடி ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. இதையெல்லாம் ஹோசியாவே சொல்லியிருக்கிறார்.

அத்தை: கர்த்தாவே. ஒரு வாய் தண்ணீருக்கா?

பெரியப்பா: தப்பான பக்கம் நின்று சண்டை போட்டுவிட்டோமோ என்று அப்போது தோன்றியதாம். அந்த வார்த்தையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கா: இப்போதுதான் தேடிப் படித்தேன். வேதியியல் படித்து, சவன்னாவில் அரசு விவசாயத் துறையில் ஆராய்ச்சி வேலை பார்த்திருக்கிறார். நிம்மதியாக இருந்திருக்கலாம். அங்கேயே போராட்டத்தில் இறங்கிவிட்டார்.

தம்பி: செல்மா ஊர்வலத்தில் இருந்தவர் இவர்தானா?

பெரியப்பா: முன்வரிசையில் இருந்தார். 1965 மார்ச் 7. அலபாமா மாநிலத்தில் செல்மா என்ற ஊர். கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை கேட்டுச் சுமார் 600 பேர். ஹோசியாவும் ஜான் லூயிஸ் என்ற இளம் போராளியும் தலைமை தாங்கி நடந்தார்கள். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தின் உச்சிக்கு வந்தபோதுதான் எதிரே போலீஸ் நிற்பது தெரிந்தது. ஹோசியா கீழே ஆற்றைப் பார்த்துவிட்டு, "நீந்தத் தெரியுமா?" என்று லூயிஸிடம் கேட்டார். தெரியாது என்றார் லூயிஸ். எனக்கும் தெரியாது என்றார் இவர். இரண்டு பேரும் நிற்காமல் முன்னே நடந்தார்கள்.

அக்கா: கண்ணீர்ப்புகை, தடியடி, குதிரைப் போலீஸ். லூயிஸுக்கு மண்டை ஓட்டில் விரிசல். அந்த ஆகஸ்டிலேயே ஓட்டுரிமைச் சட்டம் வந்துவிட்டது.

பெரியப்பா: 61 வயதிலும் விடவில்லை. 1987 ஜனவரியில் ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுண்டியில் இனவெறியை எதிர்த்து ஊர்வலம் போனபோது கல்லடி. அடுத்த வாரமே திரும்பப் போனார், கூட சுமார் 20,000 பேர்.

அத்தை: சரி, ஜனங்களுக்கு என்ன செய்தார்? ஊர்வலம் மட்டும்தானா?

பெரியப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். மனைவி ஜுவானிட்டாவோடு சேர்ந்து 1971ல் அட்லாண்டாவில், பசித்தவர்களுக்கும் வீடில்லாதவர்களுக்கும் சாப்பாடு போட ஒரு அமைப்பைத் தொடங்கினார். நன்றி செலுத்தும் நாளிலும் கிறிஸ்துமஸிலும் பெரிய பந்தி நடக்கும். 2000ல் அவர் இறந்த பிறகு மகள் எடுத்து நடத்தினார். சட்டமன்றத்தில் இருந்தார், நகராட்சி மன்றத்தில் இருந்தார். ஆனால் ஜனங்கள் மனதில் நின்ற உடுப்பு ஓவரால்தான். வயலில் வேலை செய்பவர்கள் போடும் நீல டெனிம், தோளில் இரண்டு பட்டை. சிவப்புச் சட்டைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு எங்கும் போவார்.

அக்கா: படம் அனுப்புகிறேன், பாருங்கள். தாடியும் ஓவராலுமாக.

அத்தை: பார்த்தேன். எவ்வளவு தெளிவான முகம்.

தம்பி: பெரியப்பா, பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். எதை விடுவது?

பெரியப்பா: பதவிகளை விட்டுவிடு. பாலத்தையும் பந்தியையும் விடாதே.

அத்தை: அந்தச் சவ வண்டிக்காரரையும் விட்டுவிடாதே கண்ணா. சவம்தானே என்று அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தால்?

தம்பி: அவரிலிருந்தே தொடங்குகிறேன் அத்தை.

பெரியப்பா: கூட்டம் எத்தனை மணிக்கு? நானும் வருகிறேன்.