பசும்பாசிப் பெருக்கு, ஒதுங்குபாசி: ஒரு சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

கடலோரத்தில் பச்சைப்பாசி பெருகிக் கரையெங்கும் குவிவதை ஆங்கிலத்தில் ‘கிரீன் டைட்’ என்பார்கள். அதற்குப் ‘பச்சை ஓதம்’, ‘பச்சை அலை’ என இரு சொற்கள் நம் அகராதிக் குழுவில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஓதம் என்பது நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் ஏறி வற்றுவது. நாம் பேசும் நிகழ்வோ, ஆறு கொண்டுவந்து சேர்க்கும் நைட்ரேட் என்னும் நைட்ரஜன் சத்தை உண்டு, கடற்பாசி அளவின்றிப் பல்குவது. ஓதம் என்று பெயரிட்டால், படிப்பவர் காரணத்தைக் கடலில் தேடுவார். ஆற்றையும் அதன் கரையிலுள்ள வயலையும் பண்ணையையும் நினைக்கமாட்டார்.

பிரான்சின் பிரிட்டனிக் கரையை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுப் பன்றிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு மாநிலத்தில்தான் வளர்க்கப்படுகின்றன. பண்ணைக் கழிவிலும் உரத்திலும் உள்ள நைட்ரஜன் மழைநீரோடு ஊறி, சிற்றாறுகள் வழியே சேன்-பிரியு போன்ற ஆழமற்ற விரிகுடாக்களை அடைகிறது. அங்கே நீர் எளிதில் வெளியேறாது. வசந்தத்தில் வெயிலும் கூடிவிட, உல்வா என்னும் இலைபோன்ற பச்சைப்பாசி மிக விரைவாகப் பெருகுகிறது. அது கரையில் ஒதுங்கிக் குவிந்து அழுகும்போது, மேலே காய்ந்த மூடியும் அடியில் காற்றுப் புகாத சேறுமாகி, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு அடைபட்டுக் கிடக்கிறது. 2009 ஜூலையில் சேன்-மிஷேல்-ஆன்-கிரேவ் கடற்கரையில் அப்படியொரு குவியலில் சிக்கிய குதிரை இறந்தது. அதை ஓட்டிச் சென்றவர் மயங்கி விழுந்து மீட்கப்பட்டார். 2011-இல் குவெசான் ஆற்றின் கழிமுகத்தில் 36 காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன.

இங்கே இரண்டு நிகழ்வுகள் உள்ளன என்பதே என் கருத்து. நீரில் பாசி பல்குவது ஆற்றின் நோய். கரையில் குவிந்து அழுகுவது மனிதருக்கும் விலங்குக்கும் நேரடி ஆபத்து. எந்திரங்களைக் கொண்டு கரையை அன்றாடம் கூட்டினாலும் முதலாவது தீராது. 2008 ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகளுக்கு முன் சீனாவின் சிங்தாவ் கடற்கரையில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அள்ளினார்கள்; பின்வந்த கோடைகளிலும் பாசி திரும்ப வந்துகொண்டேயிருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால், அள்ளுவதே தீர்வு என்ற மயக்கம் மொழிக்குள்ளேயே புகுந்துவிடும்.

ஆகவே முதலாவதைப் ‘பசும்பாசிப் பெருக்கு’ என்றும், கரையில் கிடப்பதை ‘ஒதுங்குபாசி’ என்றும் வழங்கலாம் என்று பரிந்துரைக்கிறேன். பெருக்கு என்பதில் பல்குதலும் உண்டு, ஆடிப்பெருக்கில் உள்ள ஆற்றின் நினைவும் உண்டு. இலங்கைப் பாடநூல்கள் ஓதத்தை ‘வற்றுப்பெருக்கு’ என்பதால் குழப்பம் வருமோ என்று ஒருவர் கேட்கலாம். முன்னால் பாசி நிற்பதால் வராது என்றே நினைக்கிறேன். கரை ஒதுங்குதல் மீனவர் நாவில் அன்றாடம் புழங்கும் வழக்கு. ஒதுங்குபாசி அதிலிருந்து வினைத்தொகையாக இயல்பாகவே அமைகிறது.

நுண்ணுயிர்களால் நீர் நிறம் மாறுவதை இதனோடு சேர்க்கவேண்டாம். மன்னார் வளைகுடாவில் நொக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகும்போது பாம்பன் பக்கத்து மீனவர்கள் அதைப் ‘பூங்கோரை’ என்கிறார்கள். இத்தகைய பெருக்கத்தைச் சுட்டும் ‘புளூம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாம் ‘பூப்பு’ என்று மொழிபெயர்த்துத் திண்டாடிக்கொண்டிருக்க, பூவை உள்ளே வைத்த சொல் கரையிலேயே இருந்திருக்கிறது. அதை அகராதியில் முதற்சொல்லாகவே ஏற்றவேண்டும்.

இவற்றுக்குப் பெரும்பாலும் மூலமான ‘யூட்ரோஃபிகேஷன்’, அதாவது நீரில் ஊட்டச்சத்து அளவுக்கு மீறிச் சேர்வது, குறித்தும் ஒரு வேண்டுகோள். இலங்கை வழக்கான ‘நற்போசணையாக்கம்’ ‘நல்ல ஊட்டம்’ எனப் பொருள்படும் கிரேக்க மூலத்துக்கு நேர்மையானது. எனினும் மீன் மூச்சுத் திணறிச் சாகும் நீரை ‘நல்’ என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. ‘மிகையூட்டம்’ என்பதைத் தலைச்சொல்லாக வைத்து, மற்றதை இணைச்சொல்லாகக் குறிக்கலாம். கடலோர ஊர்களில் உள்ள உறுப்பினர்கள், ஒதுங்கிக் கிடக்கும் பாசிக்குத் தங்கள் ஊரில் வேறு பெயர் வழங்கினால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். அது கிடைத்தால் என் ‘ஒதுங்குபாசி’யை நானே விலக்கிக்கொள்வேன்.