மறுமொழி: ஸ்மார்ட் பிளக், தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஸ்மார்ட் பிளக், அதாவது சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டு விளக்கு, ஃபேன் போன்றவற்றைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் உதவும் சாதனம், அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டு வருகிறேன். திறன்செருகி, நுண்ணறிவுச் செருகி, அருகலைச் செருகி, தொலையாளி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அந்தப் பொருளைக் கையில் தொட்டதே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் மூன்றை மாட்டிவிட்டு வந்தேன். இப்போது சொல்வதற்கு எனக்கும் ஒன்று இருக்கிறது.

அம்மாவுக்கு மூட்டு வலி. ராத்திரி விளக்கைப் போட எழுந்து நடப்பதே பெரும்பாடு. ஹாலில் நிற்கும் விளக்கு, கட்டிலோரம் டேபிள் ஃபேன், கொசுவிரட்டி, இந்த மூன்றையும் படுத்த இடத்திலிருந்தே போடவும் நிறுத்தவும் வழி செய்ய நினைத்தேன். முதல் ஒரு மணி நேரம் இணைப்பிலேயே போய்விட்டது. வீட்டுத் திசைவி (ரவுட்டர்) 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளிலும் வைஃபை பரப்புகிறது. என் போன் 5-இல் இருந்தது. வாங்கிய சாதனத்துக்கு 2.4 மட்டும்தான் தெரியும். போனையும் 2.4-க்கு மாற்றிவிட்டுச் சாதனத்தின் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அதிலிருக்கும் சின்ன விளக்கு வேகமாகச் சிமிட்டியது, இணைந்துவிட்டது. தமிழில் கையேடு எழுதப்போகும் நண்பர்கள் தயவுசெய்து இதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

சாதனத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மூன்று பின், முன்பக்கம் மூன்று துளை. சுவருக்கு அது செருகி, ஃபேனுக்கு அதுவே சாக்கெட். உள்ளே ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், கூடவே கம்பியில்லாத் தொடர்புக்கு ஒரு சின்னச் சில்லு. போனில் தொட்டதும் ரிலே 'டக்' என்று விழுகிறது, ஃபேன் ஓடுகிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான். நேரம் குறித்து வைப்பது, வெளியூரிலிருந்து இயக்குவது போன்ற சாமர்த்தியமெல்லாம் பெரும்பாலும் போனிலும் எங்கோ இருக்கும் வழங்கியிலும் (சர்வர்)தான் நடக்கிறது. அதனால்தான் 'திறன்', 'நுண்ணறிவு' இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. திறன்பேசி நிலைத்தது நியாயம், பேசியின் திறன் நிஜமாகவே பெருகியது. இங்கே விளம்பரக்காரர்கள் போட்ட அடைமொழியை நாம் பாடுபட்டு மொழிபெயர்க்கிறோம்.

வைஃபைக்கு 'அருகலை' நல்ல சொல்தான். ஆனால் இதே சாதனம் ஜிக்பீ, புளூடூத் என்று வேறு கம்பியில்லா இணைப்புகளிலும் வருகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் வீட்டுச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேச 2022-இல் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரம் வைஃபை மேலும் ஓடும், திரெட் என்ற இன்னொரு கம்பியில்லா வலை மேலும் ஓடும். இணைக்கும் வழி மாறிக்கொண்டே இருக்கும்போது அதையே பெயராக வைத்தால் ஐந்து வருடத்தில் பெயர் பொய்யாகிவிடும்.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'ஆளி' எனக்கு மிகப் பிடித்த சொல். சுவிட்சுக்கு அதைவிடக் கச்சிதமான சொல் தமிழ்நாட்டில் நம்மிடம் இல்லை. ஆனால் 'தொலையாளி' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் அக்கா, பக்கத்தில் 'கொலையாளி' வந்து நிற்கிறது. வீட்டுக்குள் புழங்கும் பொருளுக்கு அந்த ஓசை வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நான் முன்வைக்கும் சொல்லைத் தந்தவர் அம்மா. அவர் பிறந்தது செங்குன்றம் பக்கம், விவசாயக் குடும்பம். படுக்கப் போகும்போது சுவரில் இருக்கும் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிடுவது அவர் வழக்கம். அணைத்தால் சாதனத்துக்கே மின்சாரம் போய்விடும், போனில் என்ன தட்டினாலும் அதற்குக் கேட்காது. "சுவத்து சுவிட்ச மட்டும் தொடாதம்மா" என்று காரணத்தோடு சொன்னேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மதகு மாதிரி. ஏரில தண்ணி இருந்தாத்தான மதகு உதவும்" என்றார்.

மதகு! நம் பக்கத்தில் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் புழல் ஏரி தன் முழு மட்டமான 21.20 அடியை நெருங்கினால் போதும், மதகு திறப்பு என்று செய்தி வரும். மணலி, சடையான்குப்பம் வழியாக எண்ணூரில் கடலுக்குப் போகும் அந்த உபரிநீரை எதிர்பார்த்து வட சென்னையே விழித்திருக்கும். தண்ணீரை உண்டாக்குவதும் சேமிப்பதும் மதகின் வேலை இல்லை. இருப்பதை விடும், அல்லது நிறுத்தும். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். சுவருக்கும் ஃபேனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சாதனமும் அப்படியே.

முதலில் 'மின்மதகு' என்றுதான் எழுத நினைத்தேன். கோவை ஐயா போன மாதம் வேறோர் இழையில் சொன்னது நினைவுக்கு வந்தது. மின்விசிறி, மின்தூக்கி என்னும்போது மின்சாரத்தால் இயங்குவது என்று பொருள். மின்மாற்றி, மின்கடத்தி என்னும்போது மின்சாரத்தை மாற்றுவது, கடத்துவது என்று பொருள். மின்மதகு முதல் வகையில் போய் விழும். மோட்டார் வைத்து ஏற்றி இறக்கும் நிஜமான ஏரி மதகையே அது குறித்துவிடும். ஆகவே என் முன்மொழிவு 'மதகுச்செருகி'. மல்லிகைப்பூ போல இருபெயரொட்டு, மதகாகிய செருகி. சாக்கெட் பாதி பெயரில் வரவில்லையே என்றால், நடுவில் இருப்பதை மதகே சொல்லிவிடுகிறது.

என்னை உண்மையாகவே உறுத்திய ஒரு தடை உண்டு. பள்ளிப் பாடத்தில் திறந்த மின்சுற்று என்றால் மின்னோட்டம் இல்லை, மூடிய மின்சுற்று என்றால் ஓடுகிறது. மதகில் நேர்மாறு. திறந்தால்தான் ஓடும். ஒரு மாணவர் இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழம்புவார். இரண்டு நாள் இதையே யோசித்தேன். ஆனால் தமிழில் யாரும் விளக்கைத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. லைட்டைப் போடு, அணை. ஃபேனைப் போடு, நிறுத்து. இந்த வினைகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். செயலியின் தமிழ் இடைமுகத்தில் 'திற', 'மூடு' என்று எழுதவே கூடாது, 'போடு', 'நிறுத்து' என்றுதான் எழுத வேண்டும். பெயர் மதகிலிருந்து வரட்டும், வினை வீட்டிலிருந்து வரட்டும். இதில் உங்கள் மறுப்பைத்தான் முதலில் கேட்க விரும்புகிறேன்.

இன்னொன்று. நம் வீடுகளில் சின்ன பின் 6 ஆம்பியர், பெரிய பின் 16 ஆம்பியர். எலக்ட்ரீஷியன் அண்ணன்கள் இன்னும் பழைய கணக்கில் அஞ்சு ஆம்ப்ஸ், பதினஞ்சு ஆம்ப்ஸ் என்பார்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். சின்ன பின்னில் அதை மாட்டவே கூடாது, சூடேறி உருகும். ஏரியில் பெரிய மதகு, சின்ன மதகு என்று சொல்வது போல இங்கும் சொல்லிவிடலாம். கடைக்காரருக்கும் புரியும், வாங்குபவருக்கும் எச்சரிக்கையாக இருக்கும்.

அப்புறம், மின்சாரம் போய்த் திரும்பும்போது பழைய நிலைக்கே வர வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா என்று செயலியில் ஓர் அமைப்பு உண்டு. அதற்கு 'மின்மீள் நிலை' என்று குறித்து வைத்திருக்கிறேன். தனி இழையில் பேசுவோம்.

அம்மா வீட்டு வாஷிங் மெஷினுக்கு 16 ஆம்பியர் ஒன்று வாங்க வேண்டும். சனிக்கிழமை வண்ணாரப்பேட்டைக்குப் போகிறேன். கடையில் 'பெரிய மதகுச்செருகி' என்று கேட்டு, அதை எப்படி விளக்க வேண்டியிருந்தது என்பதை வந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து