புதுமண்டபத்து டெய்லர் வீடு: எங்க குடும்பக் குழுவிலிருந்து

(தாத்தா மதுரை புதுமண்டபத்துல டெய்லரா இருந்தவர். பேரப்பிள்ளைக இனியாவும் கவினும் அவர்கிட்டயும் அப்பத்தாகிட்டயும் தையல் பழகுறாங்க.)

*ஞாயிறு*

பாண்டி: [போட்டோ]

பாண்டி: பாருங்க எல்லாரும். கல்யாணப் பத்திரிகை அட்டையில ஓரம் பூரா ஓட்டை போட்டு கவின் கையில குடுத்துருக்காங்க அம்மா. பயபுள்ள மூச்சு விடாம நூலைக் கோத்துக்கிட்டு இருக்கான்.

செல்வி: யாரு வீட்டுப் பத்திரிகைடா அது? பிள்ளையார் தும்பிக்கை மேலயே நூல் போகுது

அப்பத்தா: உன் சின்ன மாமனார் வீட்டுதுதான். கல்யாணம் முடிஞ்சு வளைகாப்பும் ஆயிருச்சு, இனி அது எதுக்கு

செல்வி: 😂😂 அவங்ககிட்ட சொல்லிறாதீங்க

பிரியா: அத்தை, ஊசி கூரா இருக்குமே? அவனுக்கு ஆறு வயசுதான். கண்ணுல கிண்ணுல பட்டுட்டா?

அப்பத்தா: கோணி ஊசி தாயி. முனையை ஆட்டுக்கல்லுல தேச்சு மழுக்கிட்டுத்தான் குடுத்தேன். என் உள்ளங்கையில குத்திப் பாத்தேன், இறங்கல. அட்டை முடிஞ்சா சாக்குத் துணி. அதுல இழை விட்டு விட்டு இருக்கும், மழுங்குன ஊசியே நுழையும். அதுக்கப்புறம்தான் பருத்தித் துணி.

குமார்: எங்களுக்கெல்லாம் எடுத்த எடுப்புல சட்டைப் பட்டன்தான். இந்தச் சலுகையெல்லாம் இல்ல

பாண்டி: உனக்குத்தான் குடுத்தாங்க. நீ பட்டனை எதுத்த பக்கத்தோட சேத்துத் தச்சுட்டு, தலை வழியா மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போன

பிரியா: இதை இத்தனை வருசமா என்கிட்ட சொல்லவே இல்லையே

குமார்: பாண்டி, நீ மதுரைக்குள்ளதானே இருக்க. வந்து பேசிக்கிறேன்

தாத்தா (குரல் பதிவு): பிரியா, பயப்படாதம்மா. ஊசியை எண்ணிக் குடுக்குறேன், எண்ணி வாங்குறேன். பழைய ஸ்பீக்கர்ல கழட்டுன காந்தம் ஒண்ணு மெஷினு கால்லயே ஒட்டி வச்சுருக்கேன். எந்திரிக்கும்போது அதைத் தரையில ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் ரெண்டு பேரும் எந்திரிக்கணும். கடையில வேலை பாத்தப்ப எங்க மொதலாளி போட்ட சட்டம் அது.

பிரியா: சரிங்க மாமா 🙏 இனியா என்ன பண்றா? அவளுக்கு இடது கை ஆச்சே

செல்வி: என்னை வலது கைக்கு மாத்துனது மாதிரி அவளையும் மாத்திறாதீங்கம்மா

அப்பத்தா: அது அந்தக் காலம்டி. இப்ப ஒண்ணும் சொல்லல

தாத்தா (குரல் பதிவு): கைத்தையலுக்கு அவளை எனக்கு எதுக்க உக்கார வச்சுருக்கேன். பக்கத்துல உக்காந்தா நான் செய்யுறது அவளுக்குத் தலைகீழாத் தெரியும். எதுக்க உக்காந்தா என் வலது கைக்கு நேரா அவ இடது கை வந்துரும், அப்படியே பாத்துச் செய்யுறா. கத்திரிதான் பிரச்சினை. நம்ம கத்திரியை இடது கையில பிடிச்சா அலகு ரெண்டும் விலகிக்கிடும், துணி நடுவுல மடங்கி மாட்டிக்கும். வெட்டுற கோடும் அலகுக்குப் பின்னால மறைஞ்சுரும். பாவம், பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லுது.

குமார்: இடது கைக் கத்திரின்னே தனியா விக்கிறாங்கப்பா. இப்பவே ஆர்டர் போடுறேன்

தாத்தா: நல்லது. அப்படியே ஊசியும் வாங்கு. மெஷின் ஊசி 14-ம் நம்பர் ஒரு பாக்கெட்டு, 11-ம் நம்பர் ஒரு பாக்கெட்டு. நம்பர் கூடுனா ஊசி தடிமன். கை ஊசிக்கு மாத்தி, நம்பர் கூடக் கூட மெலிசு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத.

செல்வி: இவ்வளவு நாள் இது தெரியாமத்தான் கை ஊசி வாங்கிக்கிட்டு இருந்தேனா!

*செவ்வாய்*

அப்பத்தா: நாயத்தை நீங்களே கேளுங்க. இவரு இனியாவுக்கு இன்னும் நூலைக் கண்ணுல காட்டல. வெறும் ஊசியை வச்சுப் பழைய கோடு போட்ட நோட்டுத் தாளை மெஷின்ல ஓட்டச் சொல்றாரு. நூல் இல்லாம என்ன தையல்? என்கிட்ட விட்டுருந்தா இந்நேரம் தலையணை உறைக்கு ஹெம்மிங் முடிச்சுருப்பா

தாத்தா (குரல் பதிவு): உங்கம்மா தையல் பரீட்சையில லோயர் கிரேடு பாஸ் பண்ணவ, அதுனால பேசுவா. நூலை மாட்டுனா பிள்ளைக்குக் கவனம் பூரா நூலு மேல போயிரும், கோணையும் நேரும் கண்ணுல படாது. தாள்ல ஓட்டை விழுந்த தடம் அப்படியே தெரியும். கோட்டு மேல போச்சா, விலகுச்சான்னு அவளே பாத்துக்கிடுறா. ஆனா தாள்ல ஓட்டுன ஊசி மழுங்கிரும், அதைத் துணிக்குப் போடக்கூடாது.

பிரியா: மிதி கால்ல எட்டுதா மாமா?

தாத்தா (குரல் பதிவு): ஸ்டூலு நுனியில உக்காந்தா எட்டுது. மொதல்ல சக்கரத்து நடுவுல இருக்கிற திருகைத் தளர்த்தி விட்டுட்டேன். அப்ப சக்கரம் மட்டும் சுத்தும், ஊசி ஆடாது. காலு பழகட்டும்னுதான். எல்லாருக்கும் ஆரம்பத்துல சக்கரம் பின்னாலதான் ஓடும், நூல் இருந்தா பட்டுனு அறுந்து சிக்கிக்கும். இப்ப நிறுத்துற எடத்துல கரெக்டா நிறுத்துறா.

தாத்தா: அத்தை நான் இனியா, தாத்தா போன்ல இருந்து. நான் மூலை திருப்பிட்டேன்!! ஊசி உள்ள இருக்கும்போதே துணியை அமுக்குற மெஷின் பாதத்தைத் தூக்கணும் அப்புறம் பேப்பரைத் திருப்பணும் அப்புறம் பாதத்தை இறக்கணும். நான் சதுரத்துக்குள்ள சதுரம் போட்டேன்

செல்வி: சூப்பர்டா கண்ணு! போட்டோ போடு

தாத்தா: கவின் கிழிச்சுட்டான்

*வெள்ளி*

பாண்டி: [போட்டோ]

பாண்டி: நூல் மாட்டிக் குடுத்த மொத நாளே சம்பவம். மேடம் கைக்குட்டை தச்சு முடிச்சுட்டு பெருமையா எந்திரிச்சாங்க. கைக்குட்டையும் கூடவே வருது. பாவாடையோட சேத்துத் தச்சாச்சு

குமார்: என் ரத்தம் 🔥

பிரியா: அது போன பொங்கலுக்கு எடுத்த பாவாடை!

அப்பத்தா: ஒண்ணும் ஆகல பிரியா. தையலைப் பெருசா வச்சுத்தான் ஓட்டவிட்டாரு, பிரிக்கச் சுலபம். அடிப்பக்கம் நாலு தையலுக்கு ஒண்ணா நூலை வெட்டிட்டு, மேல்பக்கத்து நூலை இழுத்தா முழுசா உருவி வந்துரும். அவளையே பிரிக்கச் சொன்னேன். நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்து பிரிச்சுட்டா. துணியில ஒரு கீறல் இல்ல.

பிரியா: திட்டலையே அவளை?

அப்பத்தா: எதுக்குத் திட்டணும்? மெஷினுல உக்காந்த எல்லாரும் ஒருவாட்டி செய்யுறதுதான். உங்க மாமனார் புதுமாப்பிள்ளையா இருந்தப்ப வேட்டியைத் தச்சுக்கிட்டு எந்திரிச்ச கதையை நேர்ல வா, சொல்றேன்

தாத்தா: அதெல்லாம் இங்க எதுக்கு

*ஞாயிறு*

பாண்டி: கவினுக்கு இந்த வருசம் சித்திரைத் திருவிழாவுக்கு கள்ளழகர் வேசம் போடணுமாம். அப்பா ரெடிமேட் வாங்க விட மாட்டேங்குறார்

தாத்தா (குரல் பதிவு): நான் இருக்கும்போது ரெடிமேடா? அழகர் ஆத்துல இறங்குறதுக்கு மாசம் ஒண்ணு இருக்கும்போதே புதுமண்டபத்துல எங்களுக்குத் தூக்கம் கிடையாது. தண்ணி பீச்சுறவங்க, திரி எடுக்குறவங்க, எல்லாருக்கும் சல்லடம்ங்குற அரைக்கால் சட்டை, உருமாங்குற தலைப்பாகை. தூணுக்குத் தூண் மெஷினு ஓடும். திருமலை நாயக்கர் கட்டுன மண்டபம், தூணுல இருக்கிற சிலையெல்லாம் நாங்க தைக்கிறதையே பாத்துக்கிட்டு நிக்கும். சின்னப் பிள்ளைக சைஸுக்கு மட்டும் நான் அளவே எடுத்ததில்ல, பாத்தே வெட்டிருவேன்.

செல்வி: இப்ப அங்க கடை இல்லல்லப்பா?

தாத்தா: இல்லம்மா. எல்லாரையும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. நேத்து அங்க போய்த்தான் செவப்பு சாட்டினும் சரிகை பார்டரும் எடுத்தேன். பழைய ஆளுக ரெண்டு பேரு இருந்தாங்க, காசு வாங்க மாட்டேன்னு சண்டை.

குமார்: சாட்டின் வழுக்குமேப்பா, இனியா தைப்பாளா?

தாத்தா (குரல் பதிவு): வெட்டுறது நான். பக்கத் தையல் ரெண்டும் அவ. வழுக்காம இருக்க உங்கம்மா மொதல்ல ஓட்டுத் தையல் போட்டுக் குடுத்துருவா, அது மேலயே மெஷினை ஓட்டிட்டுப் பின்னால உருவிக்கலாம். 11-ம் நம்பர் ஊசி இதுக்குத்தான் கேட்டேன். சலங்கை மணியெல்லாம் கவினே கட்டட்டும், அவன் வேசம்தானே.

அப்பத்தா: மணிக்கு ரெட்டை நூல் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் தனி முடிச்சு போடச் சொல்லியிருக்கேன். ஒரே நூல்ல கோத்தா, ஒண்ணு அறுந்ததும் எல்லாம் தல்லாகுளத்துல கொட்டிரும்

பிரியா: நூல் நான் இங்கிருந்து வாங்கிட்டு வரட்டுமா அத்தை?

தாத்தா: மதுரைக்கு நூல் கொண்டு வரியா? நல்லாருக்கும்மா! ஹார்வி நூல் மில்லு சங்கு ஊதித்தான் இந்த ஊரே எந்திரிச்சுச்சு. 1974-ல மதுரா கோட்ஸ்னு ஆச்சு. நீ பிள்ளைகளுக்குத் திங்க ஏதாவது கொண்டு வா.

அப்பத்தா: பழைய நூல்கட்டையில இருக்கிறதைப் பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்கன்னு இவருகிட்ட சொல்லு குமாரு. இழுத்தா பொடிஞ்சு போகுது, பிள்ளை தன் மேல தப்புன்னு நினைச்சுக்குது

*திங்கள்*

செல்வி: அப்பா, ஒரு சந்தேகம். இங்க வாங்குன கரண்டு மெஷின்ல அடியில நூல் கூடு கட்டுது. அடிநூல் பாபினை நாலு தடவை கழட்டி மாட்டிட்டேன். கடையில சர்வீஸுக்குக் கொண்டு வரச் சொல்றாங்க, சிங்கப்பூர்ல சர்வீஸ் காசுக்கு இன்னொரு மெஷினே வாங்கிறலாம்

தாத்தா: அத்தை நான் இனியா. தாத்தா குளிக்கிறாங்க. அடியில சிக்குனா தப்பு மேல்நூல்ல இருக்கும் அத்தை. பாபினைத் தொடாதீங்க. பாதத்தைத் தூக்கி வச்சுட்டு மேல்நூலை முழுசா எடுத்துட்டுத் திரும்பக் கோத்துவிடுங்க. பாதம் இறங்கியிருந்தா மேல்நூலைப் பிடிக்கிற அந்த ரெண்டு வட்டத் தகடும் இறுக்கமா இருக்கும் நூல் உள்ள போகாது

செல்வி: இரு பாக்குறேன்

செல்வி: 😳

செல்வி: சரியாயிருச்சு!!

பாண்டி: ஃபீஸ் அனுப்பு

தாத்தா: எனக்கு இடது கைக் கத்திரி வந்துருச்சு ஃபீஸ் வேணாம். சாக்லேட் வேணும். கவினுக்கு வேணாம்

குமார்: இனியா, அப்பாவோட நீலப் பேண்ட்டுல ஜிப்பு போயிருச்சு. வரும்போது கொண்டு வரேன், மாத்தித் தருவியா?

தாத்தா: தாத்தா வந்துட்டாங்க கேக்குறேன்

தாத்தா: ஜிப்பு காலாண்டு லீவுலதான் சொல்லித் தருவாங்களாம். பேண்ட்டைத் துவைச்சுக் கொண்டு வரணுமாம். போன தடவை துவைக்காம குடுத்தீங்களாம் 😡