பழைய டிங்கி பொம்மைப் பட்டாளத்து வண்டிகளில் வெள்ளைப் பொடி, டாங்கியில் வெடிப்பு. யாராவது உதவுங்கள்

உப்புவெளிக்காரன்
வணக்கம். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், வாசலில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கும் தூரம். அம்மப்பா டொக்யார்ட்டில் ஃபிட்டராக இருந்தவர். 1957 ஒக்டோபரில் பிரிட்டிஷ்காரர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தங்கள் பிள்ளையின் விளையாட்டுச் சாமான்களை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. எல்லாம் டிங்கி டாய்ஸ் என்ற பிரிட்டிஷ் உலோகப் பொம்மைகள், எல்லாமே பட்டாளத்து வண்டிகள். 621 மூன்று தொன் லொறி, 622 பத்து தொன் லொறி, 641 சின்ன லொறி, 673 ஸ்கவுட் கார். இவற்றோடு ஒரு குட்டி டாங்கியும் இருக்கிறது, அதற்குச் சக்கரத்தைச் சுற்றி உண்மையான சங்கிலி. அடித்தகடு துருப்பிடித்ததால் எண் வாசிக்க முடியவில்லை.

இவ்வளவு காலமும் அம்மா இவற்றைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் ரின்னில் வைத்திருந்தார். போன வருஷம் நான்தான் ஆசைப்பட்டு, சிப்போர்ட்டில் (மரத்தூளைப் பசையால் ஒட்டிய பலகை) கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்று அடித்து முன் விறாந்தையில் வைத்தேன். மாரி முடிந்து தை மாதம் திறந்து பார்த்தால் பெயின்ட் உதிர்ந்த இடமெல்லாம் மா தூவினது போல வெள்ளைப் பொடி. 621இன் கூடாரத்தில் சிவப்புத் துரு. டாங்கியின் பக்கத்தில் மயிரிழை போல மூன்று வெடிப்பு. இணையத்தில் தேடினால் 'சிங்க் பெஸ்ட்' என்று ஏதோ வருகிறது, பிடித்தால் தப்பாது என்கிறார்கள். எல்லாம் போய்விட்டதா? மகன் வேறு அவற்றை எடுத்து விளையாடுகிறான்.

மட்டக்களப்பான்
அண்ணை, வினாகிரிக்குள் ஒரு இரவு ஊறப் போடுங்கள். துரு எல்லாம் கழன்றுவிடும். நான் சைக்கிள் பாகங்களுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

பழைய இரும்பு
தயவுசெய்து செய்ய வேண்டாம்! சைக்கிள் இரும்பு, இது நாகம், அதாவது சிங்க். டிங்கியின் உடல் பெரும்பகுதி நாகமும் நூற்றுக்கு நாலு அளவில் அலுமினியமும் கலந்த வார்ப்பு, பிரிட்டனில் மசாக் என்பார்கள். புளிப்புப் பட்டால் துரு மட்டும் கரையாது, உலோகமே குமிழி விட்டுக் கரையும். தேசிக்காயும் அதேதான், புளியும் அதேதான்.

உப்புவெளி அண்ணை, பதற வேண்டாம். முதலில் இரண்டு கேள்வி. வெள்ளைப் பொடியைத் துடைத்தால் அடியில் உலோகம் தட்டையாக, உறுதியாக இருக்கிறதா, அல்லது வீங்கிப் பருத்திருக்கிறதா? டாங்கியின் வெடிப்பு இந்த மாரியில் வந்ததா, முன்பே இருந்ததா?

உப்புவெளிக்காரன்
லொறிகளில் துடைத்துப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறம், கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் தட்டை. கதவு விளிம்பு, மட்காட் எல்லாம் நேராகவே இருக்கின்றன. டாங்கியைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். அவர் சின்ன வயதில் விளையாடும்போதே அது மேசையில் நேராக நிற்காதாம், வீட்டில் அதற்குப் பெயரே 'கோணல்' தானாம். வெடிப்பை எப்போது முதலில் கண்டார் என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

பழைய இரும்பு
'கோணல்' என்ற அந்த ஒரு சொல்லிலேயே பாதி விடை வந்துவிட்டது. உங்கள் பெட்டிக்குள் இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு.

டாங்கிக்குத்தான் சிங்க் பெஸ்ட். வார்க்கும்போது நாகத்துக்குள் ஈயம் போன்ற அசுத்தம் மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலே போதும். அது உலோகத்தின் மணிகளுக்கு இடையே போய் உட்கார்ந்துகொள்ளும், காற்றில் உள்ள ஈரம் அந்த இடுக்கு வழியே உள்ளுக்குள் அரிக்கும், அரித்த இடம் பருக்கும். அதனால்தான் முதலில் கோணுகிறது, பிறகு வெடிக்கிறது, கடைசியில் பிஸ்கட் போல உதிர்கிறது. வெளியில் என்ன பூசினாலும் நிற்காது, ஏனென்றால் கோளாறு வார்த்த அன்றே உள்ளே போய்விட்டது. சங்கிலி போட்ட சின்ன டாங்கி என்றால் பெரும்பாலும் 152ஏ. அது 1937இல் வந்தது. போருக்கு முந்திய டிங்கிகளில்தான் இந்த வியாதி அதிகம், ஏனென்றால் அந்தக் காலத்தில் லிவர்பூல் தொழிற்சாலையில் ஈயமும் உருக்கினார்கள், நாகமும் உருக்கினார்கள். அந்த டாங்கி 1957இல் ஊர் திரும்பிய பிள்ளையுடையதாக இராமல் தகப்பனுடைய சின்ன வயதுச் சாமானாகக் கூட இருந்திருக்கலாம். அது என் ஊகம் மட்டும்தான்.

லொறிகளுக்கு அந்தப் பயம் தேவையில்லை. நீங்கள் சொன்ன 600 வரிசை எண்கள் எல்லாம் போருக்குப் பிந்தியவை, 1953, 54 அளவில் கடைக்கு வந்தவை. அந்தக் காலத்து வார்ப்பு மிகவும் சுத்தம். அவற்றில் இருப்பது மேல் துரு. இரும்புக்குச் சிவப்புத் துரு போல நாகத்துக்கு வெள்ளைத் துரு. 621இன் கூடாரம் மட்டும் ஏன் சிவப்பு என்றால் அது வார்ப்பு இல்லை, தகரம்.

இனிக் குற்றவாளி. இத்தனை வருஷம் ரின்னுக்குள் சும்மா இருந்தது ஒரே மாரியில் வெளுத்தது என்றால் அந்த அலுமாரியைத்தான் பிடிக்க வேண்டும். சிப்போர்ட்டின் பசையும் மரத்தூளும் புளிப்பு ஆவி விடும், புதுப் பலகை என்றால் இன்னும் அதிகம், கண்ணாடிக் கதவைச் சாத்தினால் அது உள்ளேயே நிற்கும். அதோடு வாடைக்காற்று கொண்டுவரும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். வினாகிரி வேண்டாம் என்றேன், ஆனால் நீங்கள் தெரியாமலே வினாகிரி ஆவியில் ஊற வைத்திருக்கிறீர்கள்.

நிலாவெளித் தம்பி
இதை வாசித்துவிட்டு என் மேசை லாச்சியைத் திறந்து பார்த்தேன். அதுவும் சிப்போர்ட். என் மட்ச்பொக்ஸ் கார்களை எல்லாம் இப்போது வெளியே எடுத்துவிட்டேன்.

கொழும்பில் ஒருவர்
விற்கும் எண்ணம் இருக்கிறதா? எல்லாவற்றையும் உரசிப் புது பெயின்ட் அடித்தால் நல்ல விலை போகும்.

உப்புவெளிக்காரன்
விற்க மாட்டேன். அம்மா என்னை வீட்டை விட்டே துரத்திவிடுவார். சரி, பழைய இரும்பு அண்ணை, இப்போது என்ன செய்ய? கிணற்றுத் தண்ணியில் கழுவலாமா?

பழைய இரும்பு
உப்புவெளிக் கிணற்றுத் தண்ணியா! உங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர் இல்லையா? உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிற கதையாகிவிடும். பெற்றோல் செட்டில் பற்றரிக்கு விடுகிற, உப்பு நீக்கிய தண்ணி விற்பார்கள், ஒரு போத்தல் வாங்குங்கள்.

முதலில் காய்ந்த மெல்லிய பிரஷால் பொடியைத் தட்டிவிடுங்கள். வாசலில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு. பிறகு பஞ்சுக் குச்சியை அந்தத் தண்ணியில் நனைத்து, வெளுத்த இடத்தை மட்டும் ஒற்றி எடுங்கள். வண்டியை முழுதாக முக்க வேண்டாம், அச்சின் இடுக்கில் தண்ணி நின்றால் அது இரும்பு, அது துருப்பிடிக்கும். ஒட்டுச் சின்னம் இருக்கும் இடத்தைத் தொடவே வேண்டாம், ஈரம் பட்டால் உரிந்து வந்துவிடும். உடனே துணியால் ஒற்றி, நிழலில் காற்றோட்டமாக ஒரு நாள் காய விடுங்கள். சாம்பல் தழும்பு போகாது, போக வைக்கவும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு நிறமில்லாத மெழுகு மெல்லியதாகத் தடவினால் ஈரம் உலோகத்தைத் தொடாது. ரினைசன்ஸ் வக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950களில் உருவாக்கியது. கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

உரசிப் பெயின்ட் அடிக்கச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை. சேகரிப்பவன் காசு கொடுப்பதே அந்தப் பழைய பச்சைக்குத்தான், கீறல் இருந்தாலும் சரி. அது போக, அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், மட்டத்தாளால் உரசினால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். மகன் விளையாடுகிறான் என்றீர்களே, அதை இன்றே நிறுத்துங்கள். அவனுக்குப் புது லொறி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கிண்ணியா ஆசிரியர்
வைக்கும் இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பிளாஸ்டிக், அது புளிப்பு ஆவி விடாது. உள்ளே செம்மஞ்சள் நிறச் சிலிக்கா ஜெல் போடுங்கள், ஈரம் குடித்தால் மணி பச்சையாகும், ஓவன் அடுப்பில் 120 பாகையில் சுட வைத்தால் திரும்பச் செம்மஞ்சளுக்கு வரும். பூச்சி உருண்டை போட வேண்டாம். பஞ்சணைத் துண்டும் வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுத்துப் பெயின்டில் ஒட்டும். றபர் ரயர் பிளாஸ்டிக்கில் நேரே பட்டால் தடம் விடும், அடியில் ஒரு பருத்தித் துணி விரியுங்கள்.

உப்புவெளிக்காரன்
டாங்கியையும் அதே பெட்டியிலா?

பழைய இரும்பு
வைக்கலாம். சிங்க் பெஸ்ட் தொற்று வியாதி இல்லை, பக்கத்து லொறிக்குப் பரவாது. ஆனால் உதிர்ந்தால் துண்டுகள் தொலையாமல் இருக்கத் தனிப் பெட்டியே நல்லது. ஈரம் இல்லாமல் வைத்தால் மெதுவாகும், நிற்காது. சங்கிலியை இழுத்துப் பார்க்க வேண்டாம், பசை விட வேண்டாம், கையில் எடுப்பதையே குறையுங்கள். இப்போதே எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து நீளத்தையும் எழுதி வையுங்கள்.

உப்புவெளிக்காரன்
ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். பற்றரித் தண்ணி, பஞ்சு, மெழுகு எல்லாம் செய்தேன். 622இன் பின் சக்கரம் இறுகியிருந்தது, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் ஓடுகிறது. லொறிகளில் வெள்ளை திரும்ப வரவில்லை, ஜெல் இன்னும் செம்மஞ்சளாகவே இருக்கிறது. அலுமாரியில் இப்போது அம்மா பீங்கான் கோப்பை அடுக்கியிருக்கிறார்.

டாங்கியைத் தனிப் பெட்டியில் வைத்தேன். அளந்தபோது வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட ஒரு மில்லிமீற்றர் நீளம். நேற்றுப் பார்த்தால் பின்பக்கம் நாலாவது வெடிப்பு, அதையும் படம் எடுத்து வைத்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கோணல் இன்னும் கோணிவிட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே குசினிக்குள் போனார்.